சூடேறும் எஞ்சினும் ஆறாத நம்பிக்கைகளும்

சித்தூரிலிருந்து வேலூர் செல்லும் சாலையில் இருக்கும் குடிபாலாவுக்கும் கடலுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. 2022 ஏப்ரலில் பிறந்த திருப்பதி மாவட்டத்துக்குக் கூடூர், சூலூர்ப்பேட்டைப் பக்கங்களின் வாயிலாகக் கடற்கரை வாய்த்ததே தவிர, சித்தூர் மாவட்டம் இன்றளவும் மேட்டுநிலமாகவே இருக்கிறது. எனினும், கிணற்று மேட்டில் ஆயில் எஞ்சினை ஓட்டி, பம்பு இறைத்த நீரிலேயே ஒரு பங்கைக் குழாய் வழியே திருப்பி அதன் உஷ்ணத்தைத் தணித்த தலைமுறையினருக்கு, விசைப்படகின் டீசல் எஞ்சின் அந்நியமான யந்திரம் அன்று. இங்கே கிணற்று நீர் செய்த காரியத்தை அங்கே கடல்நீர் செய்கிறது. இரண்டிடத்திலும் வழங்கிவரும் தப்பான அபிப்பிராயங்கள்கூட ஏறக்குறைய ஒன்றே.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அக்காலம் முழுதும் காசிமேட்டிலும் நாகப்பட்டினத்திலும் அசையாமல் கிடந்த படகு மீண்டும் கடலுக்குப் போகையில், எஞ்சின் வெப்பமானியின் முள் வழக்கமாக நிற்கும் இடத்தைவிட ஐந்தாறு டிகிரி மேலே நின்றால், முதலில் எழும் யோசனை ‘தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறி’ என்பதுதான்.

இந்நம்பிக்கை ஆயுள் கெட்டியானது. ஆதலால் இதனிடம் சற்று அதிக நேரம் தங்க வேண்டும். தெர்மோஸ்டாட் என்பது உள்ளே மெழுகு அடைத்த ஒரு சிறு கதவு. நீர் சுமார் 70, 80 டிகிரியை எட்டியதும் மெழுகு உருகி விரிந்து அதனைத் திறக்கத் தொடங்கும். மேலும் பத்து டிகிரி சென்றபின் அது முழுவதும் திறந்துவிடும். எஞ்சின் வழக்கத்தை மீறிச் சூடாகும்போது அந்தக் கதவு ஏற்கெனவே அகலத் திறந்தே இருக்கும் என்பதால், அது சிக்கிக்கொண்டிருந்தாலன்றி அதனை எடுப்பதால் பெரும்பயன் விளையாது. அதற்கும் மேலே ஒரு விபரீதம் உண்டு: சில எஞ்சின்களில் இக்கதவு திறக்கும்போதே, குளிர்விப்பானைத் தொடாமல் நீர் சுற்றிவரும் குறுக்குவழியையும் அடைக்கிறது, கதவைக் கழற்றிவிட்டால் அவ்வழி எப்போதும் திறந்தே இருக்க, சூடான நீரில் ஒரு பகுதி ஆறாமலே திரும்பி வந்து, தணிக்கப் போன உஷ்ணத்தை உயர்த்திவிடும். மற்ற எஞ்சின்கள் குளிர்ந்தே ஓடும். ஆனால் அரைகுறையாய் எரிந்த டீசல் சிலிண்டர்ச் சுவரின் எண்ணெயைக் கழுவ, கந்தகப் புகை ஈரத்தோடு கூடி அமிலமாகித் தேய்மானத்தை வளர்க்கும். சந்தேகம் இருப்பவர் தெர்மோஸ்டாட்டை ஒரு பாத்திரத்து நீரில் போட்டு அடுப்பில் ஏற்றி, வெப்பமானியோடு பார்க்கட்டும். அது எப்போது திறக்கிறது என்பது பிரத்தியட்சமாகத் தெரிந்துவிடும்.

‘வெளியே தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறதே, பின் நீரோட்டத்தில் என்ன குறை?’ என்பது அடுத்த வாதம். தண்ணீர் வருகிறதா என்பதன்று கேள்வி. எவ்வளவு வருகிறது என்பதே கேள்வி. அடிமட்ட வால்விலும் வடிகட்டியிலும் பிளாஸ்டிக் பையும் பாசியும் அடைத்துக்கொள்வது நம் துறைமுகங்களில் சர்வ சாதாரணம். கடல்நீர்ப் பம்பினுள் இருக்கும் ரப்பர் இம்பெல்லரோ, இரண்டு மாதம் ஒரே நிலையில் வளைந்து கிடந்து தன் விறைப்பை இழந்திருக்கும். ஓரிரு இதழ்கள் முறிந்தும் போயிருக்கும். புது இம்பெல்லரை மாட்டியதோடு வேலை முடிந்தது என்று எண்ணுகிறவர்கள், முறிந்த துண்டுகள் எங்கே போயின என்று தேடுவதில்லை. அவை ஹீட் எக்ஸ்சேஞ்சர் என்னும் குளிர்விப்பானின் வாயில் போய் அமர்ந்திருக்கும். படகின் அடியில் குழாய் பதித்துக் குளிர்விக்கும் கீல் கூலிங் முறையிலோ, உள்ளே நீர் தாராளமாய் ஓடினாலும், குழாயின் புறத்தே கொட்டலசு படிந்திருந்தால் உஷ்ணம் வெளியேற வழியிராது.

கூலண்ட் அதிகம் ஊற்றினால் அதிகம் குளிரும் என்பதும் பிழை. வெறும் நீரே கூலண்ட் கலந்த நீரைவிட அதிக உஷ்ணத்தைச் சுமக்க வல்லது. கூலண்டின் உபயோகம் துருவைத் தடுப்பதும் கொதிநிலையை உயர்த்துவதுமே. அதைவிடக் கவனிக்கத் தக்கது அழுத்த மூடி: அரை வளிமண்டல அழுத்தம் கூடினாலே நீரின் கொதிநிலை 110 டிகிரியைத் தாண்டும், ரப்பர் தளர்ந்த மூடியில் அந்தக் காப்பு போய்விடும். சூடான எஞ்சினில் அம்மூடியைத் திறப்பவர் முகத்தைப் பணயம் வைக்கிறார்.

‘வெயில் காலத்தில் கடலே சூடு’ என்ற சமாதானத்தில் பாதி உண்மை உண்டு. ஜனவரியைக் காட்டிலும் மே மாதத்தில் வங்கக் கடலின் மேற்பரப்பு சில டிகிரி கூடுதல் உஷ்ணமாகவே இருக்கிறது. ஆயினும் நல்ல தண்ணீர் சுற்றும் எஞ்சினில் தெர்மோஸ்டாட் இவ்வேற்றுமையைச் சமன்செய்துவிட வேண்டும். செய்ய இயலவில்லையென்றால் குளிர்விக்கும் சக்தியில் கையிருப்பு தீர்ந்துவிட்டது என்று பொருள். கடல்நீரையே நேரே உள்ளே சுற்றவிடும் எஞ்சினின் கதை வேறு: அதனைச் சுமார் 55 டிகிரிக்கு மேல் விட்டால் சுண்ணாம்பு உப்புக்கள் சுவரில் படியும். கடின நீர்க் கிணறு வைத்திருந்த நம் பக்கத்து விவசாயிக்கு இந்தப் படிவத்தைப் பற்றி யாரும் பிரசங்கம் செய்ய வேண்டியதில்லை.

எஞ்சினிலேயே கோளாறு இராமல் சுமையில் இருப்பதும் உண்டு. அடிப்பலகையில் கொட்டலசு, புரொப்பெல்லரில் சுற்றிய வலைக்கயிறு, இழுவை கூடட்டும் என்று மாட்டிய பெரிய புரொப்பெல்லர் ஆகிய ஒவ்வொன்றும் எஞ்சினை அதிக டீசல் எரிக்கச் செய்யும். கரும்புகையும், முழு வேகத்தை எட்டாமையும் அதற்குச் சாட்சி. முள் காட்டும் அளவே பொய்யாகவும் இருக்கலாம். விளக்கைப் போட்டதும் முள் துள்ளினால் மின்கம்பியின் எர்த்தைப் பாருங்கள்.

சூடு கண்டதும் எஞ்சினை அணைத்து, மேலே கடல்நீரை வாரி ஊற்றுவது எல்லாவற்றிலும் கொடிய வைத்தியம். சூடான வார்ப்பிரும்பு அதனால் விரிசல் விடும். நீரோட்டம் இருக்குமானால் வேகத்தைக் குறைத்து, சுமையின்றிச் சில நிமிஷம் ஓடவிட்டு, நிதானமாக ஆற்ற வேண்டும். நீர் நின்றுபோயிருந்தாலோ, எண்ணெய் அழுத்தம் இறங்கியிருந்தாலோ, பெல்ட் அறுந்திருந்தாலோ மாத்திரம் உடனே நிறுத்துவது நியாயம்.

கொச்சியில் 1963-இல் தோன்றி 1968-இல் சென்னையிலும் கிளை கண்ட மத்திய மீன்பிடிப் பயிற்சி நிறுவனம், எஞ்சின் டிரைவர்களைத் தலைமுறை தலைமுறையாகப் பயிற்றுவித்து வருகிறது. என்றாலும் துறைமுகத்தில் செவிவழிச் சாஸ்திரத்துக்கே செல்வாக்கு அதிகம். படகு வைத்திருக்கும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம்: எஞ்சின் ஆரோக்கியமாக இருக்கும் நாளிலேயே, இன்ன வேகத்தில், இன்ன சுமையில், முள் எங்கே நின்றது, வெளியே பீய்ச்சும் நீரில் ஒரு வாளி நிரம்ப எத்தனை வினாடி ஆயிற்று என்பவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிப் படகிலேயே வைத்திருங்கள், கோளாறு வந்த நாளில் ஸ்பானரைத் தொடுவதற்கு முன் அதைப் புரட்டிப் பாருங்கள்.