கல்வெட்டும் நினைவும்: திருவில்லிபுத்தூர், இராசபாளையம் ஊர் வரலாறு – ஒரு நோக்கு

முன்னுரை

நாட்டு வரலாற்றைப் பாடமாகப் படிக்கிறோம். மன்னர் பெயர்களையும் போர் நடந்த ஆண்டுகளையும் மனப்பாடம் செய்து தேர்வில் எழுதுகிறோம். ஆனால் நாம் பிறந்து வளர்ந்த ஊருக்கு அப்பெயர் எப்படி வந்தது, நாம் குடிக்கும் நீர் எந்தக் கண்மாயின் வழியே வருகிறது, நம் தெருவில் முதன்முதலில் குடியேறியவர் யார் என்று கேட்டால் விடையின்றி நிற்கிறோம். பெரிய வரலாறு கற்ற நமக்குச் சிறிய வரலாறு கைவரவில்லை. இக்குறையை எண்ணிப் பார்ப்பதற்கும், ஊர் வரலாறு தொகுக்கும் முறையை மாணவர்க்கு எடுத்துரைப்பதற்கும் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் அருகருகே அமைந்த திருவில்லிபுத்தூரையும் இராசபாளையத்தையும் சான்றாகக் கொள்வோம்.

இரண்டு ஊர்கள், இரண்டு சான்றுகள்

திருவில்லிபுத்தூர் ஆழ்வார்கள் காலத்திலிருந்து தமிழிலக்கியத்தில் இடம்பெற்ற ஊர். பெரியாழ்வாரும் ஆண்டாளும் தோன்றிய ஊர். பதினொரு நிலைகளுடன் ஏறத்தாழ 192 அடி உயர்ந்து நிற்கும் கோபுரம் அவ்வூரின் அடையாளம். அங்கே வரலாறு கல்லிலும் செய்யுளிலும் பதிவாகியுள்ளது. ஆண்டாள் அருளிய 173 பாசுரங்களைப் படிப்போர் பாடியவரை மட்டுமன்றி அவர் வாழ்ந்த ஊரையும் அறிந்துகொள்கின்றனர்.

இராசபாளையத்தின் நிலை வேறு. அங்கே வரலாறு பெரும்பாலும் நினைவிலும் பழக்கத்திலும் வாழ்கிறது. ‘பாளையம்’ என்னும் சொல் படை தங்கிய இடத்தைக் குறித்துப் பின்னர் குடியிருப்பையும் குறித்தது. விசயநகர ஆட்சிக் காலத்தை ஒட்டித் தெலுங்கு நாட்டிலிருந்து தம் முன்னோர் தென்னாடு வந்தனர் என்பது இவ்வூர் இராசுக்கள் வழிவழியாகக் கூறும் செய்தி. பழையபாளையம், புதுப்பாளையம், சிங்கராசாக்கோட்டை என்னும் பகுதிப் பெயர்களே குடியேற்றத்தின் அடுக்குகளை உணர்த்துகின்றன. ‘பழைய’, ‘புது’ என்னும் அடைமொழிகள் இரண்டும் சேர்ந்து எது முன், எது பின் என்பதைச் சொல்லிவிடுகின்றன. இங்கு ஊர்ப்பெயரும் ஓர் ஆவணமே.

கல்வெட்டு உடைய ஊருக்கே வரலாறு உண்டு, ஏனைய ஊர்களுக்கு வெறுங்கதையே உண்டு என்று எண்ணுவது பிழையாகும். கல்வெட்டு, கொடை கொடுத்தவரையும் வாங்கியவரையும் சொல்லும். நிலத்தை உழுதவரையும் மாலை தொடுத்தவரையும் தேர்வடம் பிடித்தவரையும் பற்றிப் பெரும்பாலும் பேசாது. அவர்களைப் பற்றி அறிய வேண்டுமெனில் நினைவை நாடுவதைத் தவிர வேறு வழியில்லை.

பழக்கத்தில் வாழும் வரலாறு

நினைவு பேச்சாக மட்டும் நிலைப்பதில்லை, கைவேலையாகவும் நிலைக்கிறது. திருவில்லிபுத்தூரில் ஆண்டாளின் கையில் வைக்கப்படும் கிளி நாள்தோறும் புதிதாகச் செய்யப்படுவது. மாதுளம்பூ அதன் அலகாகிறது. மரவள்ளி இலைகள் உடலாகின்றன. நந்தியாவட்டை முதலிய மலர்களும் இதில் சேர்கின்றன. மறுநாள் வாடிவிடும் பொருளால் செய்யப்பட்டும் அக்கிளி தலைமுறைகளைக் கடந்து வாழ்கிறது. காரணம், பொருள் அழிந்தாலும் செய்முறை அழியாமல் ஒரு கையிலிருந்து மற்றொரு கைக்குச் செல்வதே. சித்திரையில் மதுரை அழகருக்கும் புரட்டாசியில் திருப்பதிக்கும் இங்கிருந்து மாலை செல்லும் வழக்கமும் அத்தகையது. ஒரு மாலை மூன்று ஊர்களின் உறவைச் சுமந்து செல்கிறது.

ஆடிப்பூரத் தேரோட்டத்தையும் இவ்வாறே நோக்கலாம். மரச்சக்கரங்களில் தேர் ஓடிய காலத்தில் அது நிலை சேரப் பல நாள் ஆகும் என்பர் முதியோர். சுற்றூர் மக்கள் வந்து வடம் பிடிப்பர். இரும்புச் சக்கரங்கள் வந்தபின் தேர் விரைந்து நிலைக்கு வருகிறது. வேலை எளிதாகியது நன்மையே. ஆனால் அந்தப் பல நாள்களில் எவ்வூரார் எங்கே தங்கினர், அவர்க்கு உணவளித்தவர் யார், வழியில் கடை வைத்தவர் யார் என்பதெல்லாம் முதியோர் நினைவில் மட்டுமே உள்ளன. அவற்றை இப்போது கேட்டு எழுதாவிடில் பின்னர்க் கேட்பதற்கு ஆள் இரார்.

சாவடியும் மன்றமும் நூலகமும்

ஊர்வாழ்க்கை கூடிய இடங்களைக் கொண்டே அதன் இயல்பை அறியலாம். இராசபாளையத்தில் அவ்விடம் சாவடி. திருமணப் பேச்சும் வழக்குத் தீர்ப்பும் விழா ஏற்பாடும் ஆங்கே நிகழ்ந்தன. இருபதாம் நூற்றாண்டில் இதனோடு மன்றமும் சேர்ந்தது. 1898-இல் இராசபாளையத்தில் பிறந்த பூ. ச. குமாரசாமி ராசா, இளமையிலேயே பெற்றோரை இழந்து பாட்டியாரால் வளர்க்கப்பட்டவர். 1949 ஏப்ரல் முதல் 1952 ஏப்ரல் வரை சென்னை மாகாணத்தின் ஆட்சிப் பொறுப்பில் இருந்தார், பின்னர் ஒரிசா ஆளுநரானார், 1957-இல் மறைந்தார். தம் வீட்டையே காந்தி கலை மன்றத்திற்கு வழங்கியவர் அவர். ஒரு குடும்பத்தின் இல்லம் ஊரார் கூடும் இடமாயிற்று. பதவிகளின் பட்டியல் எந்த நூலிலும் கிடைக்கும். அவ்வில்லம் மன்றமானபின் அங்கே கூடியவர் யாவர், அவர்கள் கற்றதும் கேட்டதும் யாவை என்பதை ஊரார்தாம் சொல்ல வேண்டும்.

திருவில்லிபுத்தூரில் அத்தகைய இடமாக விளங்குவது 1875-இல் தோன்றிய பென்னிங்டன் நூலகம். அக்காலத்தில் அவ்வூர் நெல்லை மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. மாவட்ட ஆட்சியரின் பெயரே நூலகத்திற்கு இடப்பட்டது. கோயிலை நடுவாகக் கொண்ட ஊரில் சமய வேறுபாடின்றி எவரும் அமர்ந்து படிக்கும் பொதுவிடம் ஒன்று ஒன்றரை நூற்றாண்டாக இயங்கி வருவது எண்ணி மகிழத்தக்கது.

இரு மொழியும் ஒரு பெண்மகளும்

இவ்விரு ஊர்களையும் இணைக்கும் இலக்கியச் செய்தி ஒன்றுண்டு. விசயநகரப் பேரரசர் கிருட்டிணதேவராயர் பதினாறாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ‘ஆமுக்தமால்யதா’ என்னும் தெலுங்குக் காவியத்தை இயற்றினார். சூடிக்கொடுத்தவள் என்பது அப்பெயரின் பொருள். திருவில்லிபுத்தூர்ப் பெண்மகளின் வரலாறே அதன் கரு. தமிழ் நாட்டுச் சிற்றூரின் கதை தெலுங்கு மொழியின் தலைசிறந்த காவியங்களுள் ஒன்றாயிற்று.

அக்காவியத்தை மீண்டும் தமிழுக்குக் கொணர்ந்தவர் இராசபாளையத்தைச் சேர்ந்த மு. கு. சகந்நாத ராசா (1933–2008). வீட்டில் தெலுங்கும் வெளியில் தமிழும் வழங்கும் குடும்பச் சூழலில் வளர்ந்தவர். பாலி, பிராகிருதம் முதலிய மொழிகளையும் பயின்றவர். இம்மொழிபெயர்ப்பு சாகித்திய அகாதெமியின் மொழிபெயர்ப்புப் பரிசைப் பெற்றது. திருவில்லிபுத்தூரிலிருந்து புறப்பட்ட கதை ஆந்திர நாடு சென்று, சில நூற்றாண்டுகள் கழித்து அண்டை ஊரின் வழியாகத் தாய்மொழிக்குத் திரும்பியது. வீட்டுமொழி ஒன்றும் ஊர்மொழி ஒன்றுமாக வாழ்வதைச் சிலர் குறையாகக் கருதுவர். அவ்விரு மொழி வாழ்வே தமிழுக்கு ஒரு காவியத்தை ஈட்டித் தந்தது என்பதை மாணவர் நினைவிற்கொள்ளல் வேண்டும்.

தொழிலும் ஊரும்

1936-இல் பூ. அ. ச. இராமசாமி ராசா நிறுவிய நூற்பாலை இராசபாளையத்தின் வாழ்வை மாற்றியது. கண்மாய் நிறைவதையும் அறுவடையையும் கொண்டு காலத்தைக் கணித்த மக்கள், ஆலைச் சங்கின் ஒலியைக் கொண்டு நாளைக் கணிக்கலாயினர். அருகிலுள்ள சத்திரப்பட்டி மருத்துவக் கட்டுத்துணி நெசவில் பெயர் பெற்றது. எங்கோ ஒரு மருத்துவமனையில் காயத்தைச் சுற்றும் வெள்ளைத் துணி இவ்வட்டாரத் தறியில் நெய்ததாக இருக்கக்கூடும். திருவில்லிபுத்தூரின் பால்கோவா 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. பாலும் சருக்கரையும் மட்டுமே சேரும் அப்பண்டத்தின் பின்னே மாடு வளர்ப்போரும் கூட்டுறவுச் சங்கமும் அடுப்பருகே நின்று இடைவிடாது கிளறும் தொழிலாளரும் உள்ளனர். குறியீட்டுச் சான்றிதழில் ஊர்ப்பெயர் உண்டு. கிளறும் கைகளின் பெயர் இல்லை. அப்பெயர்களைக் குறிப்பது ஊர் வரலாற்றின் கடமையாகும்.

நினைவும் ஆவணமும் முரணும்போது

தமிழ்நாடு அரசுச் சின்னத்தில் உள்ளது திருவில்லிபுத்தூர்க் கோபுரமே என்பது பரவலான நம்பிக்கை. அச்சின்னத்தை வரைந்த ஓவியர் கிருட்டிணராவ், மதுரை மீனாட்சியம்மன் கோயில் மேற்குக் கோபுரத்தை முன்மாதிரியாகக் கொண்டதாகக் கூறிய செய்தியும் வெளிவந்துள்ளது. இத்தகைய இடத்தில் மாணவர் செய்ய வேண்டியது யாது? ஊரார் சொல்லை ஏளனம் செய்தலும் தகாது. ஓவியர் சொல்லை மறைத்தலும் தகாது. இரண்டையும் அவரவர் பெயரிலேயே பதிவு செய்தல் வேண்டும். ஓவியரின் கூற்று சின்னத்தின் வரலாற்றுக்குச் சான்று. ஊராரின் நம்பிக்கை, தம் கோபுரத்தின்பால் அவர்கள் கொண்ட பற்றுக்குச் சான்று. ஒவ்வொரு சான்றும் எதற்குச் சான்று என்று தெளிதலே ஆராய்ச்சியின் முதற்படி.

மாணவர் மேற்கொள்ளத்தக்க முறைகள்

ஒன்று: ஆவணம் எங்குள்ளது என அறிதல். இவ்விரு ஊர்களும் 1910 வரை திருநெல்வேலி மாவட்டத்திலும், அதன்பின் இராமநாதபுரம் மாவட்டத்திலும், 1985 முதல் காமராசர் மாவட்டத்திலும் இருந்தன. அம்மாவட்டமே 1997-இல் விருதுநகர் மாவட்டமெனப் பெயர் பெற்றது. ஊர் இடம்பெயரவில்லை, கோப்புகள் இடம்பெயர்ந்தன. ஆகவே பழைய பதிவைத் தேடுவோர் ஒரே அலுவலகத்தோடு நின்றுவிடலாகாது.

இரண்டு: வீட்டு ஆவணங்களைப் போற்றுதல். நிலப்பத்திரம், கடைக் கணக்கேடு, ஆலைச் சம்பளச் சீட்டு, திருமண அழைப்பிதழ், பள்ளி மதிப்பெண் ஏடு ஆகிய யாவும் சான்றுகளே. பள்ளிவாசல் திருமணப் பதிவேடுகளிலும் தேவாலய ஞானமுழுக்குப் பதிவேடுகளிலும் கோயில் கணக்கேடுகளிலும் மக்கள் பெயரும் உறவும் பதிவாகியுள்ளன. இவற்றைப் பழந்தாளாக எடைக்குப் போடுவது முன்னோர் நினைவையே விற்பதற்கு ஒப்பாகும்.

மூன்று: முதியோரிடம் முறையாகக் கேட்டல். ‘அந்தக் காலம் எப்படி?’ என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான விடையே வரும். ‘பஞ்ச காலத்தில் வீட்டில் என்ன சமைத்தீர்கள்? ஆலையில் முதல் கூலி எவ்வளவு? எந்தக் கிணற்றில் யார் யார் நீர் எடுத்தனர்? யார் எடுக்கக் கூடாதென்று தடுக்கப்பட்டனர்?’ என்று கேட்டால் வரலாறு வெளிப்படும். இறுதி வினா கசப்பானது. ஆயினும் கேட்டே ஆக வேண்டியது. பெருமையை மட்டும் தொகுத்தால் அது விளம்பரமாகுமே அன்றி வரலாறாகாது.

நான்கு: பெண்களிடம் கேட்டல். சாவடியில் பேசியவர் ஆடவர். ஆனால் உறவுமுறை, மருந்து, உணவு, தாலாட்டு, குடிபெயர்வு ஆகியவற்றை நினைவில் காத்தவர் பெரும்பாலும் பெண்களே.

ஐந்து: எல்லாத் தெருவுக்கும் செல்லுதல். ஒவ்வொரு சமூகமும் தன் வரலாற்றைத் தானே எழுதிக்கொள்ளும் காலம் இது. அவ்வாறு எழுதுவதில் தவறில்லை. எனினும் அத்தனை நூல்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் ஊர் வரலாறு கிடைத்துவிடாது. சமூகங்கள் சந்தித்த இடங்களான சந்தை, பள்ளிக்கூடம், ஆலை வாயில், கண்மாய்க்கரை, பேருந்து நிலையம் ஆகியவற்றில்தான் ஊர் என்பது உருவாகிறது.

முடிவுரை

கல்வெட்டு அடுத்த நூற்றாண்டிலும் நிற்கும். அதனைப் படிப்பதற்கு அவகாசமுண்டு. எண்பது வயது கடந்தவர் நினைவுக்கு அத்தகைய அவகாசம் இல்லை. எனவே நம் துறை மாணவர் ஒவ்வொருவரும் இவ்விடுமுறையில் தம் ஊர் முதியவர் ஒருவரைச் சந்தித்து, அவர் கூறுவதை அவர் சொற்களிலேயே எழுதி, நாளும் இடமும் குறித்துத் துறையில் ஒப்படைக்க வேண்டுகிறோம். ஊர்ப் பெரியோரும் தம் வீட்டுப் பழைய ஏடுகளை மாணவர்க்குக் காட்டி உதவுதல் வேண்டும். இருபது பக்கக் குறிப்பேடு ஒன்று போதும். ஒரு தெருவின் வரலாறு அழியாமல் நிற்கும்.