போலீஸ் ஸ்டேஷன் படி ஏறாமல் புகார் செய்தல்

ஒருவர் வீட்டு ஜன்னலில் கல் விழுகிறது. எறிந்தவனுக்கும் அவருக்கும் கொடுக்கல் வாங்கல் தகராறு ஏதுமில்லை. அவரது நிறமோ, மதமோ, அங்கக்குறைவோதான் காரணம். இதனைப் பிரிட்டனில் வெறுப்புக் குற்றம் என்பர். இதற்கு ஆளானோரில் பலர் போலீஸாரிடம் செல்வதில்லை. பாஷை தெரியாமை ஒரு காரணம். நம் சொல்லை நம்புவார்களா என்னும் ஐயம் அதனினும் பெரிது.

அவ்வையம் ஆதாரமற்றதன்று. 1993 ஏப்ரல் 22 ஆம் தேதி லண்டனில் எல்தம் என்னுமிடத்தில், பஸ்ஸுக்குக் காத்திருந்த ஸ்டீபன் லாரன்ஸ் என்ற 18 வயதுக் கறுப்பின இளைஞர் குத்திக் கொல்லப்பட்டார். கொலையாளிகளில் இருவர் தண்டனை பெறுவதற்கு 2012 ஜனவரி வரை ஆயிற்று. போலீஸ் விசாரணையின் குறைகளை ஆராய்ந்த மக்பெர்சன் அறிக்கை 1999 இல் வெளிவந்தது. அதன் 70 சிபாரிசுகளுள் ஒன்று, இரவு பகல் எந்நேரமும், போலீஸ் ஸ்டேஷன் அல்லாத இடங்களிலும் இனவெறுப்புச் சம்பவங்களைத் தெரிவிக்க வசதி வேண்டும் என்பதாகும்.

இங்ஙனம் ஏற்பட்டவையே மூன்றாந்தரப்பு நிலையங்கள். குடியிருப்புச் சங்கங்களும் தர்ம ஸ்தாபனங்களும் இப்பணியை ஏற்றுள்ளன. அங்குள்ள பயிற்சி பெற்ற ஊழியர் நடந்ததைக் கேட்டு எழுதிப் போலீஸாருக்கு அனுப்புவார். விரும்பினால் பெயரை மறைக்கலாம். பெயரில்லாப் புகாரால் குற்றவாளியைத் தண்டிப்பது அரிது. எனினும் எத்தெருவில் தொல்லை மிகுகிறது என்பது வெளிப்படும். உயிருக்கு ஆபத்தெனில் இவ்வழி உதவாது; 999 என்ற எண்ணையே அழைத்தல் வேண்டும்.

ஸ்காட்லாந்தில் நார்த் பெர்விக் பக்கத்துக் காளான் பண்ணை ஒன்றும் இந்நிலையங்களின் பட்டியலில் இருந்தது. 2024 இல் பத்திரிகைகளில் இது பரிகாசத்துக்கு உள்ளாயிற்று. நமக்கு அதில் நகைப்புக்கு இடமிருப்பதாகத் தோன்றவில்லை. விவசாயக் கூலியாள் நாள் முழுதும் இருக்குமிடம் பண்ணையே அன்றோ? ஆனால் புகாருக்குரியவன் அப்பண்ணையின் மேஸ்திரியாகவே இருப்பின் என் செய்வது? ஆதலால் ஓரிடத்தை மட்டும் நம்பியிராமல், வெளியே வேறொரு நிலையமும் இருத்தல் நலம். பலகையை மாட்டிவிட்டு, பயின்ற ஊழியர் விலகியபின் வேறொருவரைப் பயிற்றாது விடுவதும் உண்டு. அது பலகை இல்லாமையினும் கேடு.

எழுதுபவர் தேதி, இடம், கண்டவர் பெயர் ஆகியவற்றோடு, ஏசிய சொற்களை ஏசியவாறே குறித்தல் வேண்டும். வெறுப்பே காரணம் என்பதற்கு அத்தாட்சி கேட்கலாகாது. பாதிக்கப்பட்டவரோ பிறரோ அவ்வாறு கருதினாலே பதிவுக்குப் போதுமானது. முடிவில் முழுவதையும் வாசித்துக் காட்டி, பெயரைச் சேர்க்கலாமா என்று அவரிடமே கேட்டல் வேண்டும்.