மறையெழுத்து வல்லோன்

ஒருவன் தன் கருத்தைப் பிறர்க்கு உணர்த்துதற்பொருட்டே மொழி தோன்றிற்று என்பர். ஆயினும், உணர்த்த வேண்டியவர்க்கு உணர்த்தி ஏனையோர்க்கு மறைத்தலும் மொழியின் தொழில்களுள் ஒன்றாகவே தொன்றுதொட்டு இருந்து வருகின்றது. நன்னூலார் தகுதி வழக்கை மூன்றாகப் பகுத்து, அவற்றுள் ஒன்றைக் குழூஉக்குறி என்றனர். பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பதும், வேடர் கள்ளைச் சொல்விளம்பி என்பதும் அதற்கு உரையாசிரியர் காட்டும் உதாரணங்களாம். ஒரு கூட்டத்தார் தமக்குள் அமைத்துக்கொண்ட மறைப்பைப் பிறனொருவன் தன் அறிவினாலேயே அவிழ்ப்பானாயின், அவன் செய்வது யாது? மந்திரமா, குருட்டு ஊகமா, கல்வியா? இவ்வினாவை ஒரு விளையாட்டின் வாயிலாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விளையாட்டின் இயல்பு

அமெரிக்க நாட்டிலே 1974ஆம் ஆண்டில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்றொரு விளையாட்டை இயற்றி வெளியிட்டனர். காய்களை நகர்த்தி எதிரியை வெல்லுதல் இதன் நோக்கமன்று. மேசையைச் சுற்றி நால்வர் ஐவர் அமர்வர். அவருள் ஒருவர் கதையை நடத்துவோர். ஏனையோர் ஒவ்வொருவரும் கதையிலுள்ள ஒரு பாத்திரத்தை மேற்கொண்டு, அப்பாத்திரம் சொல்வதையும் செய்வதையும் தாமே தீர்மானிப்பர். ஒரு செயல் கைகூடுமோ கூடாதோ என்னும் ஐயம் நேருமிடத்துப் பகடையை உருட்டி முடிவு காண்பர். இருபது முகமுடைய பகடையே இதற்குப் பெரிதும் பயன்படுவது.

பாத்திரங்கள் தொழிலால் வகுக்கப்படுகின்றன. முதற்கண் போர்வீரன், மந்திரவாதி, குரு என்னும் மூவகையே இருந்தன. 1975இல் திருடன் நான்காமவனாகச் சேர்ந்தான். பின்னர் வகைகள் பெருகின. மறையெழுத்தும் விதிகளுள் இடம்பெற்றது. 2014ஆம் ஆண்டின் விதிநூலிலே, மொழிவல்ல பாத்திரம் எழுதிய மறையெழுத்தைப் பிறனொருவன் அறிவுச் சோதனை ஒன்றில் வென்றாற் படித்துவிடலாம் என்று கூறப்பட்டுள்ளது. அஃதாவது, பகடை ஒருமுறை உருளும். போதிய எண் விழுந்தால் ஓலையின் பொருள் முழுதும் வெளியாகும்.

இங்கேதான் குறை காணப்படுகின்றது. கதவைத் தோளால் இடித்து உடைத்தலும், மறையை அறிவால் அவிழ்த்தலும் இவ்விதியால் ஒன்றாகிவிடுகின்றன. அவ்வாறன்றி, உண்மையான மறையெழுத்தொன்றை எழுதி விளையாடுவோர் கையிற் கொடுத்துவிடலாமே எனின், அதிலும் ஒரு தீங்கு உண்டு. புதிர் விடுப்பதிற் பழகியவர் ஒருவரே விளையாடுவார். ஏனையோர் கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பர். மேலும், ஒரு மூட்டையையும் தூக்க மாட்டாதவர் போர்வீரனாக நடிக்க இடங்கொடுக்கும் விளையாட்டு, கணக்கிற் பின்தங்கியவர் அறிஞனாக நடிக்க இடங்கொடாதாயின் அது நடுவுநிலையாகாது. ஆகவே, முழுதும் பகடையும் வேண்டா. முழுதும் புதிரும் வேண்டா. பகடை விடையைத் தரலாகாது. சான்றை மட்டுமே தருதல் வேண்டும். சான்றிலிருந்து விடைக்குச் செல்லும் வழியை விளையாடுவோரே நடந்து செல்லல் வேண்டும். இதுவே யாம் கூற விரும்பும் அடிப்படை விதி.

சான்று என்பது யாது?

கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டிலே பாக்தாத் நகரில் வாழ்ந்த அல்கிந்தி என்னும் அறிஞர், மறையெழுத்தை அவிழ்க்கும் முறைபற்றித் தனிநூல் ஒன்று எழுதினார். ஒவ்வொரு மொழியிலும் சில எழுத்துக்கள் மிகுதியாகவும் சில அருகியும் வரும். மறையோலையிலுள்ள குறிகளை எண்ணி, மிகுதியாக வருவதை மிகுதியாக வருவதனோடும், அருகி வருவதை அருகி வருவதனோடும் ஒப்பிடுக என்பது அவர் காட்டிய நெறி. எழுத்தின் உருவத்தை மறைக்கலாம். அதன் பழக்கத்தை மறைத்தல் அரிது என்பது இதனாற் பெறப்படும்.

தமிழுக்கு இந்நெறியோடு இலக்கணமும் துணைநிற்கும். ஓர் உதாரணம் காண்போம். விளையாட்டிலே பாழடைந்த கோட்டையொன்றின் சுவரிடுக்கில் ஓர் ஓலை அகப்படுகின்றது. உயிர்க்குறிகளும் புள்ளியும் மாறாமல், மெய்கள் மட்டும் மாற்றப்பட்டுள்ளன என்று வைத்துக்கொள்வோம். அதில் எழுதியிருப்பது:

டவன்னே மர்ரும் மகை

இதைக் கண்ட தமிழ் மாணவன் முதலிற் கூறத்தக்கது யாது? டகரம் தமிழ்ச்சொல்லுக்கு முதலாகாது. ரகர மெய் தன்னொடு தான் மயங்காது. எனவே டகரமும் ரகரமும் இங்கே வேடம் பூண்டு நிற்கின்றன என்பது தெளிவு. அடுத்து, இரண்டாஞ்சொல் மகர மெய்யில் முடிய, மூன்றாஞ்சொல் மகரத்தில் தொடங்குகின்றது. வருமொழி முதலில் நிற்கும் க, ச, த, ப என்பவற்றுள் ஒன்று, நிலைமொழியின் இறுதியில் மிகுந்து நிற்றலைப் புணரியலிற் கற்றிருக்கின்றோம். ஆகவே இம் மகரம் அந்நான்கனுள் ஒன்றாதல் கூடும். முடிவாகக் கூறுதற்கில்லை, ஆயினும் சோதித்துப் பார்க்கத் தக்கது.

அது பகரமாயின் என்னாகும்? மெய்யெழுத்துப் பதினெட்டனுள் பகரம் முன்னிருந்து ஒன்பதாவது. மகரம் பின்னிருந்து ஒன்பதாவது. எழுதியவன் நெடுங்கணக்கை இரு முனையிலிருந்தும் மடித்து, ககரத்துக்கு னகரமும், ஙகரத்துக்கு றகரமும், சகரத்துக்கு ளகரமுமாக மாற்றினானோ என்னும் எண்ணம் தோன்றுகின்றது. அவ்வாறாயின் ஏழாவதாகிய தகரத்துக்குப் பின்னிருந்து ஏழாவதாகிய ரகரம் நிற்கும். ஐந்தாவதாகிய டகரமும் பின்னிருந்து ஐந்தாவதாகிய வகரமும் தம்முள் இடம் மாறும். மாற்றிப் படிக்க, 'வடக்கே பத்துப் பனை' என்று ஓலை வாய் திறக்கின்றது. ஒரு கருத்து ஓரிடத்துக்குப் பொருந்தினாற் போதாது. ஓலை முழுதுக்கும் பொருந்தினாலன்றி அதனை உண்மையென்று கொள்ளலாகாது.

இம்முறை தமிழுக்கே புதிதாக வகுத்ததன்று. எபிரெய நெடுங்கணக்கின் இருபத்திரண்டு எழுத்துக்களையும் இவ்வாறே முதலும் ஈறுமாக மாற்றும் வழக்கம் பண்டைக்காலத்தில் இருந்தது. எரேமியாவின் ஆகமத்தில் 25, 51 ஆகிய அதிகாரங்களில் வரும் சேசாக்கு என்னும் பெயர், பாபேல் என்னும் பெயரை அம்முறைப்படி மறைத்து எழுதியதே என்பர் வேத அறிஞர்.

பாத்திரத்தின் விதிகள்

இனி, வல்லோன் என்னும் இப்பாத்திரத்துக்குரிய விதிகளைத் தொகுத்துக் கூறுவாம்.

முதலாவது: ஓலையில் எழுத்து மிகுந்தாற் சான்றும் மிகும். ஆதலின் ஐம்பது எழுத்துக்கு ஒருமுறை வீதம் வல்லோன் பகடையை உருட்டலாம். ஐம்பதுக்குக் குறைந்த ஓலைக்கும் ஒருமுறை உண்டு. வென்றால் நடத்துவோர் ஓர் உண்மைச் சான்றைக் கூறுவார்: ஓலை எம்மொழியில் உள்ளது, எக்குறி மிகுதியாக வருகின்றது, எவ்விடத்தில் சொல் முடிகின்றது, அல்லது ஒரு குறிக்குரிய எழுத்து யாது என்பவற்றுள் ஒன்று. தோற்றால் பொய்ச்சான்று தருதல் வேண்டா; கதையில் ஒரு நாள் கழிந்ததென்று கொள்க. பகைவர் படை அணுகிவருங்கால் ஒரு நாள் இழத்தல் சிறு தண்டனையன்று.

மொழி எதுவென அறிதலை முதற்சான்றாக வைத்ததற்குக் காரணம் உண்டு. பாரிஸ் நகரத்துத் தேசிய நூலகத்திலே, இத்தாலியைச் சார்ந்தனவென்று அட்டவணையிற் குறிக்கப்பட்டுக் கிடந்த மறையோலைகளை மூன்று ஆராய்ச்சியாளர் எடுத்து ஆய்ந்தனர். அவை பிரெஞ்சு மொழியில் உள்ளன என்பதும், ஸ்காட்லாந்து அரசி மேரி 1578 முதல் 1584 வரை சிறையிலிருந்து எழுதியவை என்பதும் 2023ஆம் ஆண்டில் வெளியாயின. மொழியைத் தவறாகக் கொண்டவரை ஐம்பதுக்கு மேற்பட்ட அக்கடிதங்கள் ஊமையாகவே இருந்தன.

இரண்டாவது: மேசையைச் சுற்றியிருப்போருள் எவரேனும் காரணங்காட்டி விடையைக் கூறுவாராயின் பகடை வேண்டுவதில்லை. காரணமின்றிக் கூறும் விடை சரியாயினும் ஏற்றல் கூடாது. இதனாற் புதிரில் வல்லவர்க்கும் இடமுண்டு. வல்லரல்லாதார்க்குப் பகடை துணைசெய்யும்.

மூன்றாவது: வல்லோன் படி உயருந்தோறும் அவன் பெறுவது பெரிய எண்ணன்று, புதிய முறை. தொடக்கத்தில் ஓரெழுத்துக்கு ஓரெழுத்து மாற்றிய மறைகளையே அவன் அறிவான். ஐந்தாம் படியில், ஒரு திறவுச்சொல்லைக் கொண்டு ஒரே எழுத்தை இடந்தோறும் வேறு வேறாக மாற்றும் மறைகளை அவிழ்க்கக் கற்பான். இவ்வகை மறையிற் குறிகளை எண்ணுதல் மட்டும் பயன்படாது. திரும்பத் திரும்ப வரும் குறித்தொடர்களின் இடைத்தூரத்தை அளந்து, அத்தூரங்களுக்குப் பொதுவான வகுஎண்ணால் திறவுச்சொல்லின் நீளத்தை அறியலாம் என்று காசிஸ்கி என்னும் பிரஷ்யப் படைத்தலைவர் 1863இல் எழுதி வெளியிட்டார். ஒன்பதாம் படியில், பொறிகளாலும் பூதங்களாலும் இயற்றப்படும் மறைகளை அவன் அணுகலாம்.

நான்காவது: ஏனைப் பாத்திரங்களின் உதவியின்றி வல்லோன் மேற்செல்லுதல் இயலாது. இரண்டாம் உலகப்போரிலே ஜெர்மானியர் கையாண்ட எனிக்மா என்னும் பொறியின் மறையைப் போலந்து நாட்டுக் கணித அறிஞர் மரியான் ரெஜெவ்ஸ்கி 1932 டிசம்பரிலேயே ஊடுருவியிருந்தார். அதற்கு அவர் கணிதமேயன்றி, ஒற்றர் வழியாகக் கிடைத்த பத்திரங்களும் துணையாயின. 1939 ஜூலையில் போலந்தார் தம் முறையை ஆங்கிலேயர்க்கும் பிரெஞ்சுக்காரர்க்கும் அறிவித்தனர். பிளெட்ச்லி பார்க்கில் ஆலன் தூரிங் முதலியோர் அதனை மேலும் வளர்த்தனர். அப்பொறியில் எந்த எழுத்தும் தானாகவே மாறி வருவதில்லை என்னும் ஒரு குறையும், வானிலை அறிக்கை போன்ற செய்திகளில் ஒரே சொற்கள் நாள்தோறும் வரும் என்னும் வழக்கமும் அவர்களுக்குக் கதவு திறந்தன. விளையாட்டிலும் அவ்வாறே அமைத்தல் வேண்டும். திருடன் பகைவர் பாசறையிலிருந்து பழைய ஓலையொன்றைக் கவர்ந்து வருதல், போர்வீரன் தூதனைப் பிடித்தல், குரு அந்நாட்டார் கடிதந் தொடங்கும் வாழ்த்துரையை அறிந்து கூறுதல் ஆகிய ஒவ்வொன்றும் ஒரு சான்றுக்கு ஒப்பாகும். அறிஞன் ஒருவனே விளையாட, ஏனையோர் வாளாவிருக்கும் குறை இதனால் நீங்கும்.

அறிந்தும் அறியார்போல்

மறையை அவிழ்த்தவன் அதனாற் பயன்கொள்ளுங்கால் ஓர் இடர் தோன்றுகின்றது. அவன் அறிந்ததைக் கொண்டு வெளிப்படையாகச் செயலாற்றினால், பகைவர் ஐயுற்று மறையை மாற்றிவிடுவர். போர்க்காலத்தில் ஆங்கிலேயர், மறையோலையால் அறிந்த கப்பலைத் தாக்குமுன் வானவூர்தி ஒன்றை அனுப்பி, அதுவே கப்பலைக் கண்டதுபோலத் தோன்றச் செய்ததுண்டு. 1942 பிப்ரவரியில் ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல்கள் நான்கு உருளையுள்ள புதிய எனிக்மாவைக் கைக்கொண்டபொழுது, ஏறத்தாழப் பத்து மாதம் அவர்தம் செய்திகள் படிக்கப்படாமற் போயின. கண் இழந்தவன் துயரத்துக்கு அதனை ஒப்பிடலாம்.

ஆகவே ஐந்தாம் விதியாக ஐயப்புள்ளி என்பதை அமைக்கின்றோம். ஓலையால் அறிந்ததை மறைக்காமற் பயன்படுத்துந்தோறும் பகைவருக்கு ஒரு புள்ளி ஏறும். மூன்று புள்ளி ஏறினால் மறை மாறும். வல்லோன் மீண்டும் முதலிலிருந்து தொடங்கல் வேண்டும். நாளை ஒரு சிற்றூர் கொள்ளையிடப்படும் என ஓலை கூறுகின்றது. அதனைக் காத்தால் மூன்றாம் புள்ளி ஏறும். காவாவிடின் ஊர் அழியும். வேறொரு காரணம் தோன்றச் செய்து ஊரையும் காத்து மறையையும் காக்கும் உபாயம் உண்டோ? இவ்வினாவுக்கு எந்தப் பகடையும் விடை கூறாது. விளையாட்டு, இவ்விடத்தே உள்ளத்தைச் சோதிக்கும் உரைகல்லாகின்றது.

படித்தவன் பொறுப்பு

மேற்கூறிய அரசி மேரியின் வரலாறு மற்றுமோர் எச்சரிக்கையைத் தருகின்றது. 1586ஆம் ஆண்டில், எலிசபெத்து அரசியைக் கொல்லச் சூழ்ந்த பாபிங்டன் என்பவனுக்கும் மேரிக்கும் இடையே சென்ற கடிதங்களைத் தாமஸ் பெலிப்ஸ் என்பவர் அவிழ்த்துப் படித்தார். படித்ததோடு அவர் நின்றாரல்லர். சூழ்ச்சியில் உடன்பட்டார் யாவர் என வினவும் பின்குறிப்பொன்றை அரசியே எழுதியதுபோல அதே மறையெழுத்தில் அமைத்துக் கடிதத்தோடு சேர்த்தார். 1587 பிப்ரவரி 8ஆம் நாள் மேரி கொலைத்தண்டனை எய்தினாள். சூழ்ச்சி மெய்யேயாயினும், படிக்க வல்லவன் பொய்யாக எழுதவும் வல்லவன் என்பதை இந்நிகழ்ச்சி நினைவூட்டுகின்றது. விளையாட்டில் வல்லோனுக்கு இவ்வாற்றலையும் கொடுக்கலாம், கொடுத்தலே பொருந்தும். ஆனால், அவன் ஒருமுறை பொய்யோலை எழுதினனென்று தோழர் அறிந்தபின், அவன் படித்துக் கூறும் மெய்யோலையையும் நம்புவதா என்று தீர்மானிக்கும் உரிமை அவர்களைச் சாரும். இதற்கு வேறு தண்டனை விதி வேண்டுவதில்லை.

முடிவுரை

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இப்பொழுது விடை கூறலாம். மறையை அவிழ்ப்பது மந்திரமன்று. குருட்டு ஊகமும் அன்று. மொழியின் இயல்பைப் பொறுமையோடு கற்றலும், கற்றதைச் சான்றோடு பொருத்திப் பார்த்தலுமே அஃது. மொழிமுதல், மொழியிறுதி, மெய்ம்மயக்கம் என்று நாம் தேர்வுக்காக நெட்டுருச் செய்யும் நூற்பாக்கள், எவ்வெழுத்து எவ்விடத்து வாழும் என்பதை நுணுகிக் கண்டவர்கள் எழுதிவைத்த குறிப்புக்களாம். ராஜா, லாபம், டம்பம் என்னும் பிறமொழிச் சொற்கள் வந்து கலந்தமையால் இன்று அவ்விதிகளைக் கடவாத சான்றாகக் கொள்ள இயலாதாயினும், வழிகாட்டும் சான்றாகக் கொள்ளத் தடையில்லை. நம் கல்லூரி விடுதியில் மழைநாளில் நால்வர் கூடி இவ்விளையாட்டை ஆடுவராயின், எழுத்ததிகாரம் கைக்கெட்டும் இடத்தில் இருத்தல் நலம். அஃது அவ்வேளையிற் பாடநூலாகத் தோன்றாது; பகைவர் கோட்டையின் திறவுகோலாகவே தோன்றும்.