இரவில் ட்ரோன்: கருவி துணைக்கு, கண் காவலுக்கு

இரவுப் பார்வைக் கருவி கையில் இருந்தால் இருட்டிலும் ட்ரோனைத் தாராளமாகப் பறக்கவிடலாம் என்ற நம்பிக்கை ஆபத்தானது. அமெரிக்காவில் தொழில்முறையில் ட்ரோன் இயக்குபவர்கள், உரிய பயிற்சியோ தேர்வோ முடித்திருந்தால், 2021 முதல் இரவுக்கென்று தனி விலக்கு வாங்க வேண்டியதில்லை. ஆனால் 3 மைல் தூரத்துக்குத் தெரியும் மின்னும் விளக்கு ட்ரோனில் இருக்க வேண்டும். ட்ரோனை வெறும் கண்ணால் பார்க்க முடிவதும் கட்டாயம். மூக்குக்கண்ணாடி, கான்டாக்ட் லென்ஸ் போன்றவற்றுக்கு மட்டுமே இடமுண்டு.

கருவிதான் கண்ணைவிடத் தெளிவாகக் காட்டுகிறதே என்று கேட்கலாம். காட்டும், ஆனால் பெரும்பாலான கருவிகளில் பார்வை அகலம் சுமார் 40 டிகிரிதான். பக்கவாட்டில் வரும் ஹெலிகாப்டர் அதில் படாது, தூரக் கணிப்பும் தவறும். சில எல்இடி எச்சரிக்கை விளக்குகள்கூட அதில் தெரியாமல் போகும். வெப்பக் கேமராவிலும் மெல்லிய மின்கம்பி தப்பிவிடலாம். ஆகவே கம்பி, மரம், கோபுரங்களைப் பகலிலேயே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். கண் இருட்டுக்குப் பழக 30 நிமிடம் கொடுத்து, திரை வெளிச்சத்தைக் குறையுங்கள். நீங்கள் கருவியைப் பார்க்கும் நேரத்தில் ட்ரோனிலிருந்து கண்ணை எடுக்காத துணையாள் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். அடுத்தவர் வீட்டுப் பக்கம் கேமராவைத் திருப்பாதீர்கள்.