உப்பள வரப்புக்கு எந்தக் குதிரை?

மரக்காணம் பக்கம் சவாரிக்குக் குதிரை வாங்கலாமா என்று யார் கேட்டாலும், நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "உப்பள வரப்பில் நடந்து பார்த்திருக்கிறீர்களா?"

இரண்டு பக்கமும் பாத்தி, நடுவே ஓர் ஆள் நடக்கிற அகலம். எதிரே தலைச்சுமை உப்போடு ஓர் அம்மா வருகிறார். குதிரையைத் திருப்ப இடமில்லை, பின்னாலேயே பத்தடி நகர்த்தத்தான் வேண்டும். பின்வாங்கத் தெரியாத குதிரை பக்கவாட்டில் கால் வைக்கும். நாள்கணக்கில் மிதித்துக் கெட்டிப்படுத்திய களிமண் தரை ஒரு குளம்படியில் உடைந்துபோகும். எந்தக் குதிரை, எந்தப் பழக்கம், எந்தச் சேணம் என்று யோசிக்கும்போதெல்லாம் அந்த அம்மாவை எதிரே நிறுத்திக்கொள்ளுங்கள்.

முதலில் குதிரை. பலர் ஆசைப்படுவது ரேஸ் குதிரைக்கு. ஐந்தாறு வயதில் பந்தயத்திலிருந்து கழிக்கப்படும் தரோபிரெட், சில சமயம் அடிமாட்டு விலைக்கே வரும். 450, 500 கிலோ எடை, பார்க்க ராஜா. ஆனால் அதற்குச் சொல்லிக் கொடுத்திருப்பது ஓட மட்டுமே. கடிவாளத்தை இழுத்தால் அதன் மேல் சாய்ந்து இன்னும் வேகம் பிடிக்கும். தோல் மெல்லியது, குளம்பின் அடியும் பெரும்பாலும் மெல்லியது. செலவைத் தீவனத்திலும் மருந்திலும் வாங்கிவிடும். பாண்டிய நாட்டுக்குக் கப்பல் கப்பலாக வந்த அரபுக் குதிரைகள் பராமரிக்கத் தெரிந்த ஆளில்லாமல் செத்துப்போன கதையை மார்க்கோ போலோ எழுதி வைத்திருக்கிறார். எழுநூறு ஆண்டுக்குப் பிறகும் அதில் பெரிய மாற்றமில்லை. ஆறு மாதம் பொறுமையாக அந்த ஓட்டப் பாடத்தை மறக்கவைக்க நேரம் இருப்பவர் வாங்கலாம். மற்றவர் வேண்டாம்.

அடுத்தது மார்வாரி, கத்தியவாரி, அவற்றின் கலப்பு. உள்பக்கம் வளைந்து நுனி தொட்டுக்கொள்ளும் காதுதான் அடையாளம். ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாச் சந்தையில் வேண்டிய மட்டும் பார்க்கலாம். வெயில் தாங்கும், குளம்பு கெட்டி. சிலவற்றுக்கு 'ரேவால்' என்ற வழுக்குநடை பிறவியிலேயே உண்டு. மேலே உட்கார்ந்திருப்பவரின் கையிலுள்ள டம்ளர் தண்ணீர் சிந்தாது என்பார்கள். இரண்டு மணி நேரம் சவாரி போகிறவருக்கு அந்த நடையின் அருமை தெரியும்.

சந்தையில் எல்லோரும் சுழி பார்ப்பார்கள். பாருங்கள், தப்பில்லை. அதற்கு முன் நாலு குளம்பையும் தூக்கிப் பாருங்கள். வாயைத் திறந்து பல்லைப் பாருங்கள்: ஐந்து வயதில் முன்பற்கள் எல்லாம் மாறி முடிந்திருக்கும், எட்டு வயதுவாக்கில் கீழ்ப்பற்களின் குழி தேய்ந்து மறையும். நமக்கு வேண்டியது இந்த இரண்டுக்கும் நடுவில். கொட்டுக்கு ஆடும் குதிரை கூட்டத்தைக் கவரும், அதை விட்டுவிடுங்கள். வெடிச்சத்தத்துக்கு அது மிரளாது, உண்மைதான். ஆனால் வாரை இறுக்கினால் நின்ற இடத்திலேயே காலைத் தூக்கு என்பதுதான் அது கற்ற பாடம். வரப்பில் அது ஆடினால் என்ன ஆகும்? நான் தேடுவது நாலு வருடம் வண்டி இழுத்த சாதுவான பெட்டைக் குதிரையை. லாரி ஹாரனும் பேருந்தும் அதற்குப் பழகிப்போயிருக்கும்.

நாட்டு மட்டக்குதிரை பிள்ளைகளுக்கு நல்லது. 200, 250 கிலோ உடம்பில் பெரியவர் ஏறுவது பாவம்.

இனி பழக்கம். நம் குதிரையேற்றப் பள்ளிகளில், ஆரோவில்லின் ரெட் எர்த் உட்பட, சொல்லித் தருவது ஆங்கிலேய முறை. இரண்டு கையிலும் வார், குதிரையின் வாயோடு எப்போதும் ஒரு மெல்லிய தொடர்பு. தடை தாண்டுவதற்கு அதுதான் சரி. அமெரிக்க மேற்கின் மாடு மேய்ப்பவர்களுக்கு ஒரு கை கயிற்றுக்கு வேண்டியிருந்தது. அதனால் வாரைத் தளர்த்தி ஒற்றைக் கையில் பிடித்தார்கள், கழுத்தில் வார் உரசினாலே குதிரை திரும்பும்படி பழக்கினார்கள். 'வெஸ்டர்ன்' என்பதன் சாரம் இதுதான், தொப்பியும் பூட்ஸும் இல்லை. போலோ ஆடிய குதிரைக்கு இது முன்பே தெரியும். அப்படி ஒன்று கிடைத்தால் பாதி வேலை மிச்சம்.

தளர்ந்த வாரில் குதிரை தலையைத் தாழ்த்தித் தன் காலடியைத் தானே பார்த்து வைக்கும். பின்வாங்குவதும், பின்காலை ஊன்றி நின்ற இடத்தில் திரும்புவதும் இந்த முறையில் அடிப்படைப் பாடம். எனவே பழக்கத்தில் என் ஓட்டு வெஸ்டர்னுக்கு.

சேணத்தில் இல்லை. மேற்கத்திய சேணம் 15 கிலோ வரும், முன்னால் கயிறு கட்டும் கொம்போடு. இங்கே என்னத்தைக் கட்டப் போகிறோம்? ஒகையோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2008இல் வெளியானது. எட்டுக் குதிரைகள் மேல் உடல் எடையில் 15 முதல் 30 சதவீதம் வரை சுமை ஏற்றிப் பார்த்தார்கள். 25, 30 சதவீதத்தில் இதயத் துடிப்பும் தசை வலியும் தெளிவாகக் கூடின. நம் வெயிலுக்கு 20 என்று நிறுத்திக்கொள்வோம். 360 கிலோ குதிரைக்கு 72 கிலோ. 65 கிலோ ஆள் 7 கிலோ ஆங்கிலேய சேணத்தோடு ஏறினால் கணக்கு சரியாக முடிகிறது. 15 கிலோ சேணம் போட்டால் 80. அப்புறம் உங்கள் தண்ணீர் பாட்டில் வேறு.

கடிவாளம் நடுவில் மூட்டு உள்ள எளியதாக இருக்கட்டும். விற்கிறவர் முள் கடிவாளத்தையும் சேர்த்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். வண்டி, பொதி விலங்குகளுக்கு அதை 1965ஆம் ஆண்டு விதிகளே தடுத்திருக்கின்றன.

கழுத்து வார் பழக்குவது இப்படி: இரண்டு கையிலும் வார். வலப்பக்கம் திரும்ப, இடது வாரைக் கழுத்தில் உரசுங்கள். ஒரு நொடி பொறுங்கள். திரும்பவில்லை என்றால் வலது வாரை லேசாக இழுங்கள். மூக்கு வலப்பக்கம் வந்த அந்தக் கணமே இரண்டையும் விட்டுவிடுங்கள். குதிரைக்குப் பாடம் இழுப்பதில் இல்லை, விடுவதில் இருக்கிறது. ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம் போதும். சில வாரங்களில் வலது வார் தேவைப்படாது.

தார்ப்பாய்க்கென்று தனியாக ஒரு வாரம் ஒதுக்குங்கள். உப்புக் குவியலை மூடியிருக்கும் பாய் கடற்காற்றில் படபடத்தபோது என் குதிரை என்னைக் களியில் இறக்கிவிட்டுத் தான் மட்டும் சாலைக்குப் போய்விட்டது. அதற்கப்புறம் லாயத்து வேலியிலேயே ஒரு கிழிந்த பாயைக் கட்டிவைத்தேன். அதன் பக்கத்தில்தான் தினம் கொள்ளு. ஐந்தாம் நாள் பாயையே மெல்லப் பார்த்தது.

பழகாத குதிரைக்குப் பக்கிங்காம் கால்வாய்க் கரை முதலில், ஈர மணல் அடுத்து, வரப்பு கடைசி. காய்ந்த மணலில் நெடுநேரம் போனால் கால் தசைநார் இழுத்துக்கொள்ளும். மணலில் தீவனம் போட்டால் மணல் வயிற்றில் தங்கி வலி வரும், தொட்டியில் போடுங்கள். சுற்றிலும் தண்ணீர் தெரிந்தாலும் குடிக்க ஆகாது. நாளைக்கு 30, 40 லிட்டர் நல்ல தண்ணீர் கொண்டுபோக வேண்டும். குதிரை வியர்வை நம் வியர்வையைவிட உப்பு அதிகம், எனவே தீவனத்தில் தினம் 30 கிராம் உப்பு. மரக்காணத்தில் அதற்கா பஞ்சம்!

ஐப்பசி, கார்த்திகை மழையில் வரப்பு வழுக்கும், லாயத்திலேயே இருங்கள். பக்கத்திலுள்ள கழுவேலி 2021 முதல் பறவைகள் சரணாலயம், அங்கே குதிரை வேண்டாம். உப்பளத்துக்குள் போகக் குத்தகைக்காரரிடம் முன்கூட்டியே கேளுங்கள். பாத்தியில் ஆட்கள் உப்பு வாரிக்கொண்டிருந்தால் இறங்கிவிடுங்கள், குதிரையைக் கையில் பிடித்து நடத்திக்கொண்டு போங்கள்.