சொக்சோ காசும் மற்ற வருமானமும்: தோட்டத்துத் தங்கச்சிக்கு அக்கா சொல்வது

வீட்டுக்காரருக்கு உடம்புக்கு முடியாமல் சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) காசு வர ஆரம்பித்ததும் லிங்கி, சிலியாவ், பகாவ் பக்கத் தோட்டங்களில் எல்லாப் பெண்களுக்கும் ஒரே பயம்தான்: "வேறு காசு வந்தால் இதை நிறுத்திவிடுவார்களோ?" இந்தப் பயத்திலேயே சிலர் உரிமையுள்ள பணத்தையும் கேட்காமல் விடுகிறார்கள். சிலர் வருமானத்தை மறைத்துப் பிறகு தவிக்கிறார்கள். தங்கச்சி, முதலில் வருவது எந்தக் காசு என்று பார். சொக்சோ ஒன்றுதான், ஆனால் அதற்குள் இருக்கும் பணங்கள் வேறு வேறு.

செம்பனைக் குலை வெட்டும்போது அடிபட்டாலும், வேலைக்குப் போகும் வழியில் மோட்டாரிலிருந்து விழுந்தாலும், விபத்து நாளையும் சேர்த்து 4 நாளாவது எம்சி (மருத்துவ விடுப்பு) இருந்தால் தினச் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். ஒரு நாளைக்கு 30 வெள்ளிக்குக் குறையாது. ஆனால் வேலை செய்து சம்பளம் வாங்கிய நாளுக்கு இது கிடையாது. "கைச்செலவுக்கு ஆகுமே" என்று எம்சி நாளில் அவரை அரை நாள் காட்டுக்குள் அனுப்பிவிடாதே. காயமும் ஆறாது.

அந்தக் காயம் நிரந்தர ஊனமாகிவிட்டால் எத்தனை விழுக்காடு என்று டாக்டர் குழு முடிவு செய்யும். 20 விழுக்காட்டுக்கு மேல் என்றால் ஐந்தில் ஒரு பங்கை மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம். மீதி மாதாமாதம் ஆயுளுக்கும் வரும். அவர் மறுபடி வேலைக்குப் போனாலும் இது நிற்காது. கை விரல் போனவர் காவல் வேலைக்குச் சேர்ந்து சம்பளம் வாங்கினாலும் ஊனத்துக்கான பணம் அவருடையதுதான். பலருக்கு இது தெரியாததுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

பக்கவாதம், சிறுநீரகக் கோளாறு மாதிரி நோயால் வரும் சொக்சோ பென்ஷன் வேறு. நல்ல உடம்புள்ள ஒருவர் சம்பாதிப்பதில் மூன்றில் ஒரு பங்குகூட இவரால் இனி சம்பாதிக்க முடியாது என்றால்தான் அதைக் கொடுக்கிறார்கள். ஆகவே அவர் ஒரு வேலைக்குச் சேர்ந்தால் பென்ஷன் கேள்விக்குள்ளாகும். சேருவதற்கு முன்னாலேயே சிரம்பான் சொக்சோ அலுவலகத்தில் சொல்லிவிடு. மறுபடி வேலைக்குத் திரும்ப உதவும் திட்டம் 2007 முதலே அவர்களிடம் இருக்கிறது, பயிற்சியும் உண்டு, அதையும் கேட்டுக்கொள். மறைத்து வேலை செய்தால், வாங்கிய பணத்தைத் திருப்பிக் கேட்கும் நிலை வரலாம்.

உன் சம்பளமோ பையன் சிங்கப்பூரிலிருந்து அனுப்பும் காசோ சொக்சோ பென்ஷனைக் குறைக்காது. ஈபிஎஃப் (ஊழியர் சேமநிதி) அவர் சேமிப்பு. வேலை செய்ய முடியாத நிலைக்காக அதை எடுக்கலாம், பென்ஷன் அப்படியே இருக்கும். தனியார் இன்சூரன்ஸ் போட்டிருந்தால் பத்திரத்தை ஒரு தடவை வாசி. சொக்சோ தொகையைக் கழித்துக்கொண்டுதான் கொடுப்போம் என்று சில பாலிசிகளில் எழுதியிருப்பார்கள். சமூக நல இலாகா உதவிக்கு மனுப் போடும்போது சொக்சோ காசையும் கட்டாயம் எழுது. அங்கே குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள்.

இன்னொரு வருமானம் இருக்கிறது: கணக்கில் ஏறாதது. நோய் பென்ஷன் சராசரிச் சம்பளத்தில் 50 விழுக்காட்டில் ஆரம்பித்து, கட்டிய காலம் கூடக்கூட 65 வரை ஏறும். குறைந்தது 550 வெள்ளி. சொக்சோவில் பதிவான சம்பளம் 1,700 என்றால் பாதி 850. கான்ட்ராக்டரிடம் பதிவில்லாமல் கையில் வாங்கிய 600 வெள்ளி அந்தக் கணக்கில் சேராது. முழுப் பென்ஷனுக்கு, மனுப் போடுவதற்கு முந்தைய 40 மாதத்தில் 24 மாதமாவது சந்தா கட்டியிருக்க வேண்டும், அல்லது நெடுநாள் சந்தா இருக்க வேண்டும். அதனால் அவர் நன்றாக நடமாடும்போதே சம்பளச் சீட்டில் சொக்சோ பிடித்திருக்கிறதா என்று மாதாமாதம் பார். பிடித்த காசு கட்டப்பட்டிருக்கிறதா என்று சொக்சோ கவுண்டரிலும் கேட்கலாம்.

டாக்டர் குழு இல்லையென்று சொல்லிவிட்டால் அழுதுகொண்டு வீட்டில் உட்காராதே. மேல்முறையீட்டுக்கு 90 நாள் இருக்கிறது. கடிதம் கையில் கிடைத்த தேதியை அன்றைக்கே காலண்டரில் குறித்து வை. ஆஸ்பத்திரி அறிக்கை கிடைக்கத் தாமதமாகும், அதை முதல் வாரத்திலேயே கேட்டுவிடு.