நஃபகாவில் உறைவிடமும் அடங்கும்

புத்தி சுவாதீனமற்றவர் மீது தொழுகையும் நோன்பும் கடமையில்லை என்பதை நாம் எல்லோரும் அறிவோம். அவர் விஷயத்தில் நம்மீதுள்ள கடமை என்ன என்று கேட்டால்தான் பதில் தடுமாறுகிறது.

பருவமடைந்த மகனாயினும், ஏழ்மையோடு சித்தப்பிரமையோ தீராப்பிணியோ சேர்ந்திருந்தால், வசதியுள்ள தகப்பனார் மீது அவனுடைய நஃபகா கடமை என்று ஷாஃபிஈ, ஹனஃபீ ஃபிக்ஹு நூல்கள் கூறுகின்றன. நஃபகா என்பது சோறும் துணியும் மட்டுமன்று. உறைவிடமும் அதில் அடங்கும்.

நோயாளிக்குச் சொந்தச் சொத்து இருந்தால்? விவேகமற்றோரிடம் பொருளை ஒப்படைக்க வேண்டாமெனத் தடுக்கும் சூரத்துன் நிஸாவின் 5-ஆம் வசனமே, அவர்களுக்கு உணவும் உடையும் அளித்து நல்ல வார்த்தை பேசவும் கட்டளையிடுகிறது. அங்கே 'அதிலிருந்து' என்னாமல் 'அதில்' என்று வந்திருப்பதை விரிவுரையாளர்கள் கவனித்துள்ளனர்: முதலைத் தின்று தீர்க்காமல், வியாபாரத்தில் பெருக்கி, லாபத்திலிருந்து கொடுக்க வேண்டுமாம்! பத்திரத்தைத் தம் பெயருக்கு மாற்றிக்கொண்டு, சொத்துக்குரியவரை வெளியூரில் விட்டுவருவதற்கு இதில் இடமெங்கே?

ஏர்வாடியை நாம் மறக்கலாகாது. 2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள் அதிகாலை, அங்கே தனியார் நடத்திய ஓலைக் கொட்டகை விடுதியில் தீப்பற்றியபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தோர் ஓட வழியில்லை. 28 உயிர்கள் மடிந்தன. சங்கிலியிடுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடுத்துவிட்டது. குடும்பமில்லை, வீடில்லை என்ற காரணத்துக்காக மட்டும் ஒருவரை மருத்துவமனையிலேயே வைத்திருக்கலாகாது என்றும் அது கூறுகிறது.

அப்படியானால் அவர் எங்கே போவார்? சென்னையில் 1993-ல் தோன்றிய 'பான்யன்' தொண்டு நிறுவனம் 2015-ல் 'ஹோம் அகெய்ன்' என்றோர் ஏற்பாட்டைத் தொடங்கியது. திரும்பிச் செல்ல இடமின்றி நெடுங்காலம் சிகிச்சை நிலையத்தில் கிடந்தவர்களில் நாலைந்து பேருக்குச் சாதாரணத் தெருவொன்றில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து, துணைக்கு உதவியாளரையும் அமர்த்துகின்றனர். சமையல், கடைக்குப் போதல், வேளை தவறாத மாத்திரை, இயன்றவருக்கு வேலை. முழுதும் குணமான பிறகே வீடு என்பதில்லை. வீட்டில் வாழ்ந்தபடியே தேறுகின்றனர். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட வழிகாட்டியில் இதனை ஒரு முன்மாதிரியாகச் சேர்த்திருக்கிறது.

இப்படியொரு வீடு கேட்டு நம் மஹல்லாவுக்கு வந்தால், வக்பு வீடு காலியாக இருந்தும், "தெருவில் பிள்ளைகள் இருக்கிறார்களே" என்று மறுத்துவிடுவோமா?

வாடகைக்கு ஜகாத் உதவுமா எனில், ஏழை நோயாளிக்கு உதவும். ஆனால் பொருளைத் தாமே நிர்வகிக்க இயலாதவராயின், அவருடைய பொறுப்பாளர் கையில் ஒப்படைக்க வேண்டும். நஃபகா கடமையான தகப்பனார் தம் மகனுக்கே ஜகாத்தைக் கொடுத்து அக்கடமையைக் கழித்துக்கொள்ள முடியாது.